வெல்லரின்: வல்லாரையைப் பிழிந்தவர்களின் கதை

போன ஆடி மாசம் சந்தையில் வல்லாரைக் கட்டு ஒன்று வாங்கினேன். அம்மாவுக்காக. அவருக்கு இப்போது எழுபத்தி நாலு. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூணு தடவை போய்ப் பார்ப்பார், மூணாவது தடவை எதுக்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். "வல்லாரை சாப்பிட்டா சரியாயிடும்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. கீரை விற்ற அக்காவிடம் பேச்சுவாக்கில், "இது எங்கேயிருந்துக்கா வருது?" என்று கேட்டேன். "வாணியம்பாடி பக்கம் தம்பி, வாய்க்கா ஓரம் தானா மொளைக்கிறது" என்றார்.

எந்த வாய்க்கால் என்று கேட்க நாக்கு வரலை. ஜோலார்பேட்டைக்காரனுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். வீட்டுக்கு வந்து கட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். நினைவாற்றல் மூலிகைகளில் இருந்து சத்தைப் பிரித்தெடுக்கிற 'பசுமை முறைகள்' பற்றி ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம் என்பதுதான் முதலில் நினைப்பு. அது நூற்றெழுபது வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய் புதுச்சேரியில் நிறுத்தியது.

1850களின் தொடக்கத்தில் மொரீஷியஸ் தீவில் புவாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர், தொழுநோய்க்கு வல்லாரை நல்ல மருந்து என்று எழுதினார். நினைவாற்றல் பற்றிய பேச்சே அப்போது ஐரோப்பியரிடம் இல்லை. தோல் நோய்க்கான செடியாகத்தான் அவர்கள் இதைப் பார்த்தார்கள். செய்தி இந்தியப் பக்கம் வந்தது. சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹண்டர் கொடுத்துப் பார்த்தார். தொழுநோயைத் தீர்க்கும் மருந்து இல்லை, ஆனால் நோயாளியின் பொது உடல்நிலை தேறுகிறது என்பது அவர் கண்டது. அதே 1855ல், புதுச்சேரியில் இருந்த ஜூல் லெப்பீன் என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் வல்லாரையை வேதியியல் முறையில் பகுத்துப் பார்த்தார். காய்ந்த செடியிலிருந்து நூற்றுக்கு ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக, எண்ணெய் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. பச்சை வல்லாரையின் வாசனை, சுவை இரண்டும் அதில் இருந்தன. சாராயத்திலும் ஈதரிலும் கரைந்தது. அதுதான் செடியின் உயிர்ச்சத்து என்று நம்பி அவர் வைத்த பெயர் 'வெல்லரின்'. நம்ம ஊர்ப் பெயரான வல்லாரையிலிருந்து வந்தது. ஒரு வேதிப்பொருளின் பெயரில் தமிழ்ச் சொல் ஏறுவது எத்தனை தடவை நடந்திருக்கும்?

ஆனால் அந்தப் பெயர் நிலைக்கலை. 1870களில் ஃப்ளூக்கிகர், ஹான்பரி என்ற இரண்டு பெரிய மருந்தியலாளர்கள் அதைச் சரிபார்த்தார்கள். மூணு அவுன்ஸ் காய்ந்த செடியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்தார்கள். வெல்லரின் மாதிரி ஒன்றும் வரவில்லை. வந்தது வெறும் பச்சைச் சாரம். அது வெந்நீரில் கிட்டத்தட்ட முழுசாகக் கரைந்தது, இரும்பு உப்பைப் போட்டதும் பச்சையாகத் திரிந்து கீழே படிந்தது. அதாவது டானின். வல்லாரையைத் தேடிப்போனவர்கள் கையில் கிடைத்தது தோல் பதனிடும் சரக்கு! ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிறந்தவன் இதைப் படித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது.

லெப்பீன் பொய் சொன்னாரா? எனக்கு அப்படித் தோன்றலை. அவர் கையில் இருந்தது உள்ளூரில் பறித்த செடி. ஃப்ளூக்கிகர், ஹான்பரி கையில் இருந்தது கப்பலேறிப் போன சருகு. இந்த வித்தியாசத்தின் கனம் அந்தக் காலத்திலேயே சிலருக்குத் தெரிந்திருந்தது. 1868ல் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலில் வல்லாரைப் பொடி செய்யும் முறை இருக்கிறது: இலையைப் பாயில் பரப்பி நிழலில் காற்றாட உலர்த்தணும், வெயில் படக்கூடாது, பொடித்ததும் இறுக மூடிய குப்பியில் வைக்கணும். நம்ம பாட்டிகள் சொல்லுகிற 'நிழல் காய்ச்சல்' அரசாங்கப் புத்தகத்தில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

உண்மையான சத்து என்ன என்பது தெரிய 1941 ஆகவேண்டி இருந்தது. அந்த வருஷம் போந்தெம் என்பவர் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்ற பொருளைப் படிகமாகப் பிரித்தார். 1949ல் இலங்கை வல்லாரையை ஆராய்ந்தவர்கள் அதே குடும்பத்தின் வேறு பொருட்களைக் கண்டார்கள். ஒரே செடிதான், ஊர் மாறினால் உள்ளடக்கம் மாறுகிறது. நம்ம வல்லாரையை அங்கே 'கொட்டுகொல' என்பார்கள். காலையில் அதை அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பது அங்கே இன்னும் சாதாரணம்.

இந்த ஏசியாட்டிகோசைடின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பிரித்தெடுக்கும் முறைகளின் சண்டை புரியும். ஒரு பக்கம் கொழுப்புக் குணம் கொண்ட கனமான உடம்பு. அதன் வாலில் மூணு சர்க்கரை கோத்திருக்கும். உடம்பு நெய்யை விரும்பும், வால் தண்ணீரை விரும்பும். பூந்திக்கொட்டை நுரைப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டும் சப்போனின் வகை. வாலை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஏசியாட்டிக் அமிலம், அது தண்ணீரில் லேசில் கரையாது.

இப்போ சித்த மருத்துவர்கள் செய்வதைப் பாருங்கள். வல்லாரை நெய். இலையை இடித்துச் சாறு பிழிந்து, பசு நெய்யோடு சேர்த்து, சிறுதீயில் தண்ணீர் வற்றும்வரை காய்ச்சுவார்கள். அடியில் தங்கும் கசடை விரலில் எடுத்து உருட்டினால் மெழுகு மாதிரித் திரளணும். தீயில் போட்டால் சடசடக்கக் கூடாது, சடசடத்தால் ஈரம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை விரும்புகிறதும் நெய்யை விரும்புகிறதும் இரண்டுமே முதலில் சாறில் இருக்கின்றன. நீர் வற்ற வற்றக் கொழுப்பை விரும்புகிறவை நெய்க்குள் போகும். தண்ணீர்ப் பக்கம் நிற்பதில் ஒரு பங்கு கசடோடு வெளியே போகும். ஆகவே வல்லாரை நெய்யும் வல்லாரைச் சாறும் ஒரே மருந்து கிடையாது. நம்ம ஆட்கள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், 'அன்றே அறிந்தான் தமிழன்' என்று ஆரம்பித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

நினைவுக்கான செடி வல்லாரை மட்டும் இல்லை. நீர்ப்பிரமி இருக்கிறது. வடக்கே பல இடங்களில் வல்லாரையையே 'பிராமி' என்பார்கள், கேரளத்தில் பிரம்மி என்றால் நீர்ப்பிரமி. இந்தப் பெயர்க் குழப்பத்தால் பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது எந்தச் செடி என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழக்கு மலைத்தொடரின் காடுகளில் கொடியாக ஏறும் வாலுளுவையும் உண்டு, அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். செம்மண் மேட்டில் நீலப்பூவோடு தரையில் படரும் விஷ்ணுகிராந்தியை இந்தப் பக்கம் மாடு மேய்த்தவர்கள் எல்லாருமே மிதித்திருப்பார்கள்.

இவற்றில் நவீன அறிவியல் அதிகம் தோண்டியது நீர்ப்பிரமியை. 1931ல் போஸ் என்ற குடும்பப்பெயர் கொண்ட இருவர் அதிலிருந்து பிரம்மின் என்ற பொருளைச் சொன்னார்கள். 1960களில் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் சாட்டர்ஜி, ரஸ்தோகி, தார் ஆகியோர் பக்கோசைடுகளைப் பிரித்தார்கள். 1982ல் அதே நிலையத்தின் சிங், தவன் இருவரும் எலிகளுக்கு நீர்ப்பிரமிச் சாரம் கொடுத்தால் கற்பது கூடுகிறது என்று வெளியிட்டார்கள். 90களில் அந்தச் சாரம் மாத்திரையாகச் சந்தைக்கு வந்தது. செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் படத்தோடு விளம்பரம் வந்த 'மெமரி பிளஸ்' ஞாபகம் இருக்கிறதா? (ஞாபகம் இல்லையென்றால், நீங்கள் அதைச் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.) பிற்பாடு ஆஸ்திரேலியாவில் மனிதர்களிடம் சோதித்தார்கள். 2001ல் 46 பேர், தினம் 300 மில்லிகிராம், 12 வாரம். கற்கும் வேகத்திலும் நினைவில் பதிவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2002ல் 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேரிடம் வேறு குழு செய்த சோதனையில், புதிதாகப் படித்தது தங்குகிறது என்று தெரிந்தது. வல்லாரைக்கும் 1973ல் அப்பா ராவ் குழு 30 குழந்தைகளிடம் செய்த சோதனை ஒன்று உண்டு.

எண்ணிக்கையைக் கவனியுங்கள்: 46, 76, 30. நல்ல தொடக்கம், அதற்குமேல் சொல்ல முடியாது. இந்த மூன்றில் எதுவும் முதுமை மறதி நோய் வந்தவர்களிடம் செய்ததும் இல்லை. என் அம்மாவைப் பற்றி இவை ஒன்றும் சொல்லவில்லை. இது எனக்கே நான் சொல்லிக்கொண்ட சமாதானம் போலவும் இருக்கலாம், ஏமாற்றம் போலவும் இருக்கலாம்.

சரி, பிரித்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக ராஜா சாக்ஸ்லெட் கருவிதான். 1879ல் ஃப்ரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் பாலில் உள்ள கொழுப்பை அளக்கச் செய்தது. கீழே கரைப்பான் கொதிக்கும், ஆவி மேலே போய்க் குளிர்ந்து மூலிகைமேல் சொட்டும், நிரம்பினதும் சாரத்தோடு கீழே இறங்கும், மறுபடி கொதிக்கும். மணிக்கணக்கில். சத்தை ஒட்ட உறிஞ்சிவிடும், ஆனால் செலவு மூணு: கரண்ட், நேரம், கரைப்பான். கொழுப்பை நீக்க ஹெக்சேன், பிறகு மெத்தனால் என்பது வழக்கமான வரிசை. முதலாவது பெட்ரோலியத்திலிருந்து வருவது. இரண்டாவது கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் நமக்கெல்லாம் பழக்கமானது. மாத்திரையில் இவை எவ்வளவு மிஞ்சலாம் என்பதற்குச் சர்வதேச வரம்பு இருக்கிறது: ஹெக்சேன் பத்து லட்சத்தில் 290 பங்கு, மெத்தனால் 3000 பங்கு.

1998ல் அனஸ்டாஸ், வார்னர் இருவரும் பசுமை வேதியியலின் 12 விதிகளை எழுதினார்கள். 2012ல் பிரான்சின் அவிஞ்ஞோன் பல்கலைக்கழகத்து ஷெமா, இதை மூலிகைச் சாரத்துக்கென்று தனியாகச் சுருக்கி 'பசுமைப் பிரித்தெடுப்பு' என்று பேர் கொடுத்தார். அதற்கு முன்பிருந்தே முறைகள் வந்துகொண்டிருந்தன.

ஒன்று, காதுக்குக் கேட்காத மீயொலி. திரவத்துக்குள் நுண்குமிழிகளை உண்டாக்கி அவை வெடிக்கும்போது இலையின் செல் சுவர் கிழியும். சாதாரண எத்தனாலும் தண்ணீரும் கலந்தாலே போதும், கொதிக்க வைக்க வேண்டாம். செலவு குறைவு என்பதால் சின்னக் கூடத்துக்கு இதுதான் தோது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கார்பன்டை ஆக்சைடு. 31 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்கு அழுத்தம், இரண்டையும் தாண்டினால் அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. ஆவி போல ஊடுருவும், எண்ணெய் போலக் கரைக்கும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை விட்டால் பறந்துவிடும், எச்சமே கிடையாது. காப்பியிலிருந்து காஃபீனை எடுக்க ஜெர்மனியில் 1960களில் குர்ட் சோசல் கண்டது. வாலுளுவை எண்ணெய்க்கு ஏற்றது. வல்லாரைக்கு? அங்கேதான் இடிக்கிறது. அந்தச் சர்க்கரை வால் இருக்கிறதே, கார்பன்டை ஆக்சைடுக்கு அது ஆகாது. எத்தனாலைக் கொஞ்சம் துணைக்கு அனுப்பினால்தான் அசையும். இயந்திரமோ விலையில் யானை.

மூணாவது எனக்குப் பிடித்தது: தண்ணீரேதான். மூடிய கலத்தில் அழுத்தி வைத்து 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகாது, ஆனால் குணம் மாறும். 250 டிகிரி வாக்கில் எதைக் கரைக்கும் என்பதில் சாராயத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வெறும் தண்ணீரைக்கொண்டே கொழுப்புக் குணமுள்ள பொருளை எடுக்கலாம். கொரிய ஆய்வாளர்கள் 2009ல் வல்லாரையிலேயே இதைச் செய்து காட்டினார்கள். அத்தனை சூட்டில் சர்க்கரை வால் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. அப்படி அறுந்தால் கிடைப்பது வேறு பொருள்.

இதெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நம்ம ஊரே ஒரு பெரிய பிரித்தெடுப்புக் கூடம்தானே! 1840களில் சார்லஸ் டி சூசா என்ற புதுச்சேரி யூரேசியர் ஆவாரம்பட்டையை வைத்துத் தோல் பதனிடும் முறையைச் சீர்படுத்தினார் என்பது தோல் தொழில் வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது. ஆவாரம்பட்டை, அப்புறம் கடுக்காய். இரண்டும் சித்த மருந்துக் கடையிலும் இருக்கும் சரக்கு. தொட்டியில் தண்ணீரில் ஊறவைத்து டானினை இறக்குவார்கள். கரைப்பான் தண்ணீர், சூடு வெயில்தான். தோலைப் பழைய மெலிந்த சாறில் முதலில் போட்டு, படிப்படியாகப் புதிய கெட்டிச் சாறுக்கு மாற்றுவார்கள். எதிரோட்ட முறை என்று இன்று பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவது இதைத்தான். இந்த வகைத் தோல் 'ஈ.ஐ. தோல்' என்று லண்டன் சந்தையில் பேர் வாங்கியது. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் கிளை பிரிந்தது. சரக்குப் போக்குவரத்துக்கு இந்தப் பக்கம் அதன்பின் குறை இல்லை.

பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஆவது குரோமியத்தில் நாள் கணக்கில் முடியும். சென்னையில் 1903ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலைத் தொடங்கினார். பாலாற்றுக் கரையில் அது பெருவெள்ளமாக வந்தது 1970களுக்குப் பிறகு. பதனிட்டுப் பாதியில் அனுப்பாமல் முடித்த தோலாகவே ஏற்றுமதி செய்யணும் என்று 1972ல் சீதாராமையா குழு சொன்னதும் அதற்கு ஒரு காரணம். மிச்சக் கதை எல்லாருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், தோல் பட்டறைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற கணக்கு பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே ஈடு கட்டணும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நம்ம பாலாற்று வழக்கின் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. தோல் தொழிலை நான் திட்டவில்லை. என் தாய்மாமன் ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான் மூணு பெண்களைக் கரையேற்றினார்.

இப்போது மேசைமேல் இருந்த கீரைக்கட்டுக்குத் திரும்புவோம். நீர்ப்பிரமிக்கு இன்னொரு புகழ் உண்டு, மாத்திரை விளம்பரத்தில் அது வராது. 1990ல் இருந்து சின்ஹாவும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து காட்டியது: தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள தாமிரம், காட்மியம், குரோமியம், காரீயம் இவற்றை அந்தச் செடி இழுத்துத் தன் உடம்பில் சேர்த்துவைக்கும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதை வளர்க்கலாமா என்றே யோசித்தார்கள். வல்லாரையும் ஈரத்தில் வேர்விட்டுப் படரும் செடி, அது நிற்கிற மண்ணில் உள்ளதைக் குடிக்கும்.

அப்படியானால் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பிரித்தெடுப்பு' எங்கிருந்து தொடங்கணும்? ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் உலர்ந்த பொடியிலிருந்து தொடங்குகின்றன. பொடி எந்த மண்ணில் விளைந்தது என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் வாய்க்கால் வல்லாரையைத் தண்ணீரிலோ எத்தனாலிலோ எடுத்தால், நல்லதோடு சேர்ந்து உலோக உப்பிலும் ஒரு பங்கு இறங்கும். தண்ணீர் உப்பைக் கரைக்கும், அது அதன் குணம். வேடிக்கை என்னவென்றால் கார்பன்டை ஆக்சைடு இந்த விஷயத்தில் தப்பிக்கிறது, உலோக உப்பு அதில் கரைவதில்லை. நான் மலிவு, எளிது என்று மெச்சிய முறைகள்தான் நம்ம மண்ணில் மாட்டிக்கொள்கின்றன. நெய்யில் காய்ச்சினாலும் முதலில் பிழிவது சாறுதானே. கசடோடு எவ்வளவு போகும், நெய்யில் எவ்வளவு தங்கும் என்பதை யாராவது நம்ம ஊர்ச் செடியை வைத்தே அளந்து பார்க்கணும். வேலூரிலும் சென்னையிலும் கருவிக்குப் பஞ்சமில்லை, கல்லூரி மாணவர் ஒருவரின் ஆறு மாசத் திட்டத்துக்கு அளவான வேலை. படிக்கிறவர்களில் ஆசிரியர் யாராவது இருந்தால் யோசியுங்கள்.

அந்தக் கட்டை நான் சமைக்கலை. அம்மா கேட்டார், "எங்கடா அந்த வல்லாரை?" "வாடிப்போச்சும்மா" என்றேன். ஏலகிரி மேலே தெரிந்தவர் தோட்டத்திலிருந்து நாலு தண்டு வேரோடு வாங்கிவந்தேன். மலைமண், பழைய பிளாஸ்டிக் தொட்டி, மழைத்தண்ணி. கணுவுக்குக் கணு வேர்விட்டு ரெண்டு மாசத்தில் தொட்டியை மூடிவிட்டது. வாரம் ரெண்டு நாள் துவையல், புளி கொஞ்சம் தூக்கலாக. இலையை அம்மாதான் கிள்ளுவார், மிஞ்சியதைப் பாயில் நிழலில் பரப்பிவிட்டு, வெயில் நகர நகரப் பாயையும் இழுத்துக்கொண்டே இருப்பார். அதை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.